கம்பெனிக்கு மாத்தாள் போன அம்சவேணி

அம்சவேணிக்கு வேலை கிடைத்த கம்பெனிக்கு நாற்பது நாடுகளில் கிளை இருப்பதாக அவளுடைய அப்பா சின்னக்கண்ணு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தாலே அதற்கு நாடு என்று பெயர், அதனால் தேவனூர் நாட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. "இதென்னங்க பெரிய விசயம், நம்ம மலைக்குள்ளயே பதினாலு நாடு இருக்குதுங்களே" என்று டீக்கடையில் ஒருவர் முடித்துவிட்டார். சின்னக்கண்ணு அசரவில்லை. வீட்டுக்கு வந்து கிடாய் வெட்டினார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கறியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் அந்த ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். சின்னக்கண்ணு வீட்டை ஒட்டிய தகரக் கூரை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். நான் போடும் ஊசியைவிட என் வாய்தான் அதிகம் வலிக்கும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்ளட்டும். அம்சவேணி கதையைச் சொல்ல இந்த வாய்தான் சரி.

அவள் கீழே நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த கம்பெனி அவளைப் பொறுக்கிக்கொண்டது. கோயம்புத்தூரில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகு, "இப்போதைக்கு உட்கார இடமில்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உலகம் பூராவும் கிளை இருக்கிறது, ஒரு பெண் உட்கார நாற்காலி இல்லை. லேப்டாப்பை அனுப்பிய கூரியர்காரனோ கொண்டை ஊசி வளைவு ஏற முடியாது என்று அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியிலேயே ஒரு பேக்கரியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கிருந்து அதை மாட்டுத் தீவன மூட்டைகளுக்கு நடுவில் வைத்து மேலே கொண்டுவந்தவன் அர்த்தனாரி.

அர்த்தனாரி அம்சவேணியின் அத்தை மகன். பிக்கப் வண்டி ஓட்டுகிறான். இங்கிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போய் கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் இறக்குவான். அத்தைக்காரி ரொம்ப நாளாகவே பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னக்கண்ணு தங்கச்சியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கம்பெனியில் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்து வேலை நிரந்தரமானால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. நிரந்தரமாகாவிட்டால் மாசியிலேயே பரிசம் போட்டுவிட வேண்டியது.

"ஏண்டி, அர்த்தனாரியைப் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"நல்லவருதானுங்கக்கா. ஆனா பேசறதே ஹாரன் அடிக்கற மாதிரி இருக்குது. அதுவுமில்லாம எனக்கு இப்ப வேலைக்குப் போகணும். அவ்வளவுதானுங்க" என்றாள்.

இவ்வளவு பெரிய கம்பெனி, மலைமேல் இருக்கும் ஒரு பெண்ணின் தலைவிதியைக் கையில் வைத்திருப்பது தெரியாமல் அவளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு பனியனும் அனுப்பி வைத்தது. பனியனில் எல்லைகளைத் தாண்டு என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. சின்னக்கண்ணு அதைப் போட்டுக்கொண்டுதான் மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்.

வேலை இதுதான். உலகம் முழுக்கப் பெரிய பெரிய கடைகளில் பில் போடும் மெஷினுக்கு இந்தக் கம்பெனிதான் மூளை. மெஷின் மக்கர் செய்தால் கடைக்காரன் புகார் அனுப்புவான். ஒரு புகாருக்குப் பெயர் ஒரு டிக்கெட். காலையில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு குவியல் வந்து விழும். கடைக்காரனோடு எழுதிப் பேசி, கோளாறைச் சரிசெய்து, டிக்கெட்டை மூட வேண்டும். எத்தனை மூடினாய் என்பதுதான் கணக்கு. அதை வைத்துத்தான் நிரந்தரம்.

அம்சவேணியின் குழுவில் அவளைப் போலப் புதிதாகச் சேர்ந்த ஐந்தாறு பேர். சேலத்திலிருந்து வளர்மதி, சென்னையிலிருந்து பிரேம், இன்னும் சிலர். எல்லோரும் அவரவர் வீட்டில். இவர்களை மேய்ப்பதற்கு பெங்களூரில் முரளி என்று ஒரு டீம் லீட். முகத்தைத் திரையில் பார்த்திருக்கிறேன். எந்நேரமும் தலைவலி வந்தவர் போல இருப்பார்.

இனிமேல்தான் வினை. மலையில் களை எடுப்பது, கிழங்கு பிடுங்குவது, மிளகு பறிப்பது எதற்கும் ஆளுக்குக் கூலி கொடுத்து மாளாது. அதனால் மாத்தாள் முறை. இன்றைக்கு உன் காட்டில் எல்லோரும் இறங்குவோம், நாளைக்கு என் காட்டுக்கு எல்லோரும் வர வேண்டும். இங்கே காடு என்றால் அவரவர் நிலம். அழைப்பு வேண்டாம், அனுமதி வேண்டாம். பக்கத்துக் காட்டில் வேலை தேங்கிக் கிடந்தால் இறங்கிவிட வேண்டியதுதான். காட்டுக்காரர் மதியத்துக்குச் சோறு போட வேண்டும். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. அப்படி வந்தவர்களுடைய காட்டுக்கு ஒருவன் திரும்பிப் போகாவிட்டால் சண்டையெல்லாம் போட மாட்டார்கள். அடுத்த முறை அவன் காட்டுக்கு ஆள் வராது.

அம்சவேணி தன் குவியலை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவாள். கை அவ்வளவு வேகம். முடித்ததும் கண்ணை ஓட்டினாள். வளர்மதி பெயரில் ஒரு மலை கிடக்கிறது. பிரேம் பெயரில் அதைவிடப் பெரிய மலை. குழுவில் யார் டிக்கெட்டையும் யார் வேண்டுமானாலும் திறந்து வேலை செய்யலாம், ஆனால் எண்ணிக்கை யார் பெயரில் டிக்கெட் விழுந்ததோ அவர் கணக்கில்தான் ஏறும். பயிற்சியிலேயே இதைச் சொல்லியிருந்தார்கள், யாரும் செய்துவிடக் கூடாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். இவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஆவணி பூராவும் பிரேம் காடு. புரட்டாசி பாதி வளர்மதி காடு. மீதி மற்றவர்கள் காடு. ஆவணி மாதக் கணக்குக்குப் பிரேமுக்குக் குழுவின் நட்சத்திரம் என்று பட்டம் கொடுத்து, அவன் போட்டோவைச் சுற்றி மத்தாப்பு கொளுத்துகிற மாதிரி படம் அனுப்பினார்கள். அம்சவேணி சந்தோஷமாக அதை என்னிடம் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் பட்டத்துக்கு நீ மாடு மாதிரி உழைச்சிருக்கே. உனக்குப் பித்தா?"

"எம்பட முறை வருமுங்கக்கா. அப்ப வருவாங்க."

"அவங்களுக்கு மாத்தாள்னா என்னன்னு தெரியுமாடி?"

"வேலைக்கு வந்தா திருப்பிப் போகோணும்ங்கறது தெரியாதவங்க இருப்பாங்களா?" என்று அவள் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தாள். கீழ்நாட்டுக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்கிற பார்வை.

ஐப்பசியில் முறை வந்தது. இங்கே ஃபைபர் கேபிள் கம்பத்தில் போகாது. சின்னக்கண்ணு காட்டில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அதே மரங்களில் ஆணியடித்துக் கேபிளையும் இழுத்திருந்தார்கள். அடித்த மழையில் ஒரு மரம் சாய்ந்து கேபிள் போயிற்று. சரிசெய்கிற ஆள் மழை விட்டுத்தான் வருவான். அம்சவேணியின் குவியல் நாளுக்கு நாள் வளர்ந்தது. அவள் பதறவே இல்லை. கொட்டுகிற மழையில் லேப்டாப்பை எடுக்க முடியாமல், டவர் இருக்கும் செம்மேட்டுக்குப் பஸ் ஏறிப் போய், செல்போனில் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு வந்தாள். இங்கே மழை, என் வேலை தேங்கிவிட்டது, எல்லோரும் வந்து கொஞ்சம் பார்த்துக்கொடுங்கள் என்று. பிரேம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினான்.

கேபிள் ஒட்டவைத்த அன்று திறந்து பார்த்தாள். விட்டுப்போன மேனிக்கு எல்லாம் அப்படியே கிடந்தது. ஒரு டிக்கெட்டைக்கூட ஒருவரும் தொடவில்லை.

முரளி கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், கூச்சமெல்லாம் படவில்லை. "அம்சவேணி, உங்க நம்பர்தான் டீம்லயே கடைசிம்மா. பிரேமைப் பாருங்க, அவரும் வீட்டுலருந்துதானே பண்றார்? இனிமே ஒரு டிக்கெட் மிச்சம் வைக்கக் கூடாது. அதுவும் கடைசி வாரம் சுத்தமா இருக்கணும். சிஸ்டம் தானா பேரை எடுத்துடும், அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான்தான் அழுதேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வரலைன்னா வரலைங்க. விடுங்கக்கா" என்றாள். அதோடு சரி. மறுநாளிலிருந்து தன் குவியலை மட்டும் பார்த்தாள். மத்தியானம் லேப்டாப்பை மூடிவிட்டுக் காட்டுக்குப் போனாள். கோபம் இல்லை, முணுமுணுப்பு இல்லை, யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஊரில் எப்படிச் செய்வார்களோ அப்படி.

கார்த்திகை பிறந்தது. நட்சத்திரம் பிரேம் கீழே விழுந்தான். அவன் குவியலுக்குப் பக்கத்தில் அவனே தெரியவில்லை. வளர்மதி கணக்கு சரிந்தது, மற்றவர்கள் கணக்கும் சரிந்தது. குழுவே மொத்தமாகச் சரிந்ததும் முரளிக்கு மேலே இருப்பவர்கள் முரளியைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். பெரிய கம்பெனியில் ஒருவர் தலைக்குமேல் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார், கடைசியில் யார் தலை என்றே தெரியாது. முரளி எல்லோரையும் திரைக்கு வரச் சொன்னார்.

"ரெண்டு மாசம் முன்னாடி பறந்துட்டிருந்தீங்க. இப்ப என்ன ஆச்சு? பிரேம்?"

பிரேம் நெட் சரியில்லை என்றான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு! நான் திரைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். வளர்மதிதான் தாங்க முடியாமல் உடைத்தாள். "சார், எங்க டிக்கெட்ல பாதியை அம்சவேணிதான் முடிச்சிட்டிருந்தா. நாங்க கேக்கலை. அவளா பண்ணினா. நாங்களும் சும்மா இருந்துட்டோம்."

முரளிக்குத் தலைவலி கூடிவிட்டது. "ஏம்மா அப்படிப் பண்ணீங்க? சரி, பண்ணினவங்க ஏன் நிறுத்தினீங்க?"

"எல்லார் காட்டுலயும் நான் எறங்கி வேலை செஞ்சேனுங்க சார். எங்க காட்டுல வேலை நின்னப்ப ஒருத்தரும் வரலீங்க. அதனால நானும் போகலீங்க. இதுல கோவமெல்லாம் இல்லீங்க, இதுதான் முறை."

 முரளி குரலை இறக்கிக் கேட்டார். "இப்ப டீமுக்காக மறுபடியும் பண்ணுவீங்களா? நான் நல்லா எழுதறேன்."

"மொதல்ல அவங்க வரட்டுங்க சார். அப்புறம் நான் வாரேன்."

"இங்க அப்படியெல்லாம் முறை கிடையாதும்மா."

"அப்ப வேண்டாமுங்க சார்" என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். ஆறு மாதம்கூட ஆகாத பெண், நாற்பது நாட்டுக் கம்பெனியிடம். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, மண்டையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. முரளி திரையை அணைத்தார். அம்சவேணி வேலை போயிற்று என்றே நான் முடிவுகட்டினேன். அத்தைக்காரி பரிசப் புடவை பார்ப்பதற்கு சேந்தமங்கலம் போய் வந்ததாகவும் சேதி வந்தது.

ஆனாலும் அவள் விடவில்லை. மார்கழி, தை இரண்டு மாதமும் தன் குவியலில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் ஓட்டினாள். சோதனைக் காலத்தின் கடைசி நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து சின்னக்கண்ணு காட்டில் மிளகு பறிக்கும் முறை.

"அப்பா, நாளைக்கு வெச்சுக்கலாமுங்களா?" என்று அவள் முந்தின நாளே கேட்டாள்.

"நாளைக்கு வேல்முருகன் காடு, கண்ணு. முறையை மாத்த முடியுமா? நீ உன் வேலையைப் பாரு சாமி, நாங்க சத்தம்கூடப் போட மாட்டோம்" என்றார் சின்னக்கண்ணு.

சத்தம் போடவில்லைதான். பத்துப் பன்னிரண்டு பேர் ஒற்றை மூங்கில் ஏணிகளைச் சில்வர் ஓக் மரங்களில் சாத்தி ஏறினார்கள். அதில் அர்த்தனாரியும் ஒருவன், மாத்தாளாக வந்தவன். அன்றைக்குக் குவியல் வழக்கத்தைவிடப் பெரிது. அம்சவேணி காலையிலேயே ஆரம்பித்து நாலைந்து டிக்கெட் மூடியிருப்பாள். அப்போது அர்த்தனாரியின் ஏணி வழுக்கியது. அவன் கொடியைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தான். ஏணி கேபிளை அறுத்துக்கொண்டு விழுந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "வேணும்னே பண்ணினியாடா?" என்று கேட்டேவிட்டேன். பரிசப் புடவை என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"ஐயோ, வழுக்கிருச்சுங்க நர்ஸம்மா!" என்று மரத்தில் தொங்கிக்கொண்டே ஹாரன் அடித்தான்.

பிறகு ஊரே சேர்ந்து கேபிளை வைத்தியம் பார்த்தது. கரண்ட் வயரை ஒட்டுவது போல உள்ளே இருந்த கண்ணாடி இழையை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினார்கள். வரவில்லை. பிரித்து இன்னும் இறுக்கி முறுக்கினார்கள். அறுந்த முனைகள் இப்போது நாலு ஆயின. சின்னக்கண்ணு அந்த எல்லைகளைத் தாண்டும் பனியனோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ள பொழப்புல நானே ஏணியைச் சாத்திட்டனே" என்றார். அம்சவேணி லேப்டாப்பைத் துண்டில் சுற்றினாள். பிரித்து மறுபடி சுற்றினாள். அவள் ஒரு வேலையை இரண்டு தரம் செய்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அர்த்தனாரி பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். "எம்பட ஏணிதான அறுத்துச்சு. ஏறு. செம்மேட்டுல டவர் கெடைக்கும்."

இந்த வண்டி போய்ச் சேர்ந்தால் அவனுக்குப் பெண் கிடைக்காது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டினான். நான் உட்கார்ந்த பக்கத்துக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. கொல்லிமலையில் இருக்கிற அத்தனை சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். கேபிள் வைத்தியத்திலேயே பொழுது போய்விட்டது. நாங்கள் செம்மேடு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றபோது வேலை நேரம் முடிய அரை மணிகூட இல்லை.

அம்சவேணி செல்போன் சிக்னலை லேப்டாப்புக்குக் கொடுத்துத் திறந்தாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி, எடுத்துட்டாங்களா பேரை?"

"குவியலைக் காணோமுங்கக்கா."

அவள் பெயரில் ஒரு டிக்கெட்கூட மிச்சமில்லை. எல்லாம் மூடியிருந்தது. எல்லாம் அவள் கணக்கில் ஏறியிருந்தது. போனில் வளர்மதியின் செய்தி வந்து கிடந்தது: "காலையிலருந்து உன் காட்டுல ஆள் இல்லைன்னு பார்த்தேன். அதான் எல்லாரையும் இழுத்துட்டு வந்தேன். இப்ப சரியாப்போச்சா?"

அம்சவேணி பஸ் ஸ்டாண்டில் நின்று ஓவென்று அழுதாள். ஐப்பசியில் அழ வேண்டியதையும் சேர்த்து அழுதிருப்பாள். அர்த்தனாரி விஷயம் புரியாமல் என்னைப் பார்த்தான். வேலை தங்கிவிட்டது என்றேன். "அப்படியா" என்று வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே ரொம்ப நேரம் துடைத்தான்.

நிரந்தரக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. முரளி இந்த மாத்தாள் சமாச்சாரத்தைப் படம் போட்டு, தானே கண்டுபிடித்த மாதிரி மேலிடத்தில் காட்டிப் பாராட்டு வாங்கிக்கொண்டாராம். போகட்டும், அவர் தலைவலிக்கு ஒரு மருந்து. சின்னக்கண்ணு இன்னொரு கிடாய் வெட்டினார்.

அம்சவேணிக்கு மட்டும் ஒரே கவலை. காட்டில் இறங்கி வேலை செய்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பியாகிவிட்டது. சோற்றைக் கூரியரில் அனுப்ப முடியாது. அதனால் புது மிளகைக் காயவைத்து, ஆளுக்கொரு பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். நான் உதவிக்கு உட்கார்ந்து, யார் யார் எத்தனை டிக்கெட் முடித்தார்கள் என்று விசாரித்தேன். வளர்மதிதான் முக்கால்வாசி. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சம். முரளிகூட இறங்கி ஒன்றைச் செய்திருக்கிறார். பல வருஷமாகக் கை வைக்காத வேலை, அதைத் தப்பாகச் செய்து கடைக்காரன் மறுநாள் திட்டி எழுதியிருக்கிறான்.

"உங்க நட்சத்திரம்?"

"பிரேமுங்களா? அவரும் ஒண்ணு செஞ்சிருக்காருங்க. பாஸ்வேர்டு மாத்திக் கொடுக்கறது."

குழந்தைகூடச் செய்யும் வேலை. நான் பிரேம் பெயர் எழுதிய பொட்டலத்தைப் பிரித்து, பாதி மிளகைத் திரும்பக் கூடையில் கொட்டினேன். அம்சவேணி என் கையைத் தட்டிவிட்டு, கூடையிலிருந்து ஒரு கை நிறைய அள்ளி அதிலேயே போட்டுக் கட்டினாள்.

"ஒரு களையைப் புடுங்கிப்போட்டு நாள் முழுக்க நெழல்ல உக்கார்ற ஆளு எங்க ஊர்லயும் உண்டுங்கக்கா" என்றாள். "காட்டுல எறங்கிட்டாருல்லீங்க. அவருக்கும் சோறு போட்டுத்தான் ஆகோணும்."